வரி இல்லாப் பணமும் வாசலில் வாங்கும் கட்டணமும்



பாடத்திட்டம், இலக்கணம், மாணவர் நலன் என்று எழுதிவரும் இவ்வலைப்பதிவில் இன்று பணத்தைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குப் பங்குச் சந்தையில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம்முடைய ஆசிரியர் அறைகளில் தேநீர் நேரத்தில் பேசப்படுவது பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான். பேசுகிறோமே தவிர, கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் என் வருத்தம்.

எங்கள் பள்ளியில் அண்மையில் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை ஓய்வுப் பொழுதில் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு வண்ணக் கோப்பு. “ஐயா, ஒன்று கேட்கலாமா? யூனிட் டிரஸ்டில் பணம் போடுவது நல்லதா, இடிஎஃப் வாங்குவது நல்லதா? இரண்டுக்குமே வரி கிடையாதாம். எனக்கு எது ஏற்றது என்று தெரியவில்லை” என்றார்.

நான் உடனே விடை சொல்லவில்லை. ஏனென்றால், அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் அவருக்கே தெரியாத இன்னொரு கேள்வி இருந்தது.

நான் 2003-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியே வந்தவன். அரசு ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவன். என் முதலீடுகள் எல்லாம் மண்ணோடு மண்ணாய்ப் போனாலும், பணி ஓய்வுக்குப் பின் மாதந்தோறும் ஒரு தொகை என் வங்கிக் கணக்கில் விழும். அந்த ஆசிரியைக்கு அப்படியில்லை. 2024 பிப்ரவரி 1 முதல் அரசுப் பணியில் புதிதாக நியமிக்கப்படுவோருக்கு ஓய்வூதியத் திட்டம் இல்லை, அவர்கள் ஊழியர் சேமநிதி வாரியத்தில் சந்தா செலுத்துவார்கள் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. ஒரே ஆசிரியர் அறை, ஒரே கால அட்டவணை, அடுத்தடுத்த மேசை. ஆனால், என் தவறுக்கு ஒரு மெத்தை இருக்கிறது. அவருடைய தவறுக்கு வெறுந்தரைதான்.

ஆகவே, எனக்கு அறிவுரை சொன்னவர்களைப் போல நானும் பொத்தாம்பொதுவாக ஏதேனும் சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அன்று மாலை அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் என்னவென்று பார்த்துவிடுவோம். பலரிடமிருந்து சிறுசிறு தொகைகளைத் திரட்டி, நிதி மேலாளர் ஒருவர் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடுவது யூனிட் டிரஸ்ட். ஒவ்வொரு வேலை நாளின் முடிவிலும் அதன் சொத்து மதிப்பைக் கணக்கிட்டு, ஒரு யூனிட்டின் விலை இவ்வளவு என்று அறிவிப்பார்கள். நாம் முகவர் வழியாகவோ, வங்கி வழியாகவோ, இணையத்தளம் வழியாகவோ வாங்கலாம். இடிஎஃப் என்பதும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். பெரும்பாலும் ஏதேனும் ஒரு குறியீட்டைப் பின்பற்றும். அக்குறியீட்டில் என்னென்ன பங்குகள் உள்ளனவோ அவற்றையே வைத்திருக்கும். அதைப் பங்குச் சந்தையில் மற்ற பங்குகளைப் போலவே, சந்தை திறந்திருக்கும் நேரமெல்லாம் வாங்கலாம், விற்கலாம். அதற்குத் தரகு நிறுவனத்தில் ஒரு கணக்கும், சி.டி.எஸ். கணக்கும் வேண்டும். நம் நாட்டின் முதல் இடிஎஃப் 2005-ஆம் ஆண்டில் கடன் பத்திரங்களுக்காக வந்தது. பங்குகளுக்கான முதல் இடிஎஃப் 2007-இல் வந்தது; 30 பெரிய நிறுவனங்களின் குறியீட்டைப் பின்பற்றுவது.

இனி, ‘வரி இல்லை’ என்ற சொல்லுக்கு வருவோம். முகவர்களின் வண்ணக் கோப்புகளில் இச்சொல்தான் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

அது பொய்யன்று. நம் நாட்டில் தனிமனிதர் ஒருவர் பட்டியலிடப்பட்ட பங்கையோ யூனிட்டையோ வாங்கி, விலையேறிய பின் விற்றால், அந்த இலாபத்திற்கு வரி கிடையாது. 2024-இல் வந்த மூலதன ஆதாய வரி, நிறுவனங்கள் பட்டியலிடப்படாத பங்குகளை விற்பதைப் பற்றியது. நம்மைப் போன்ற தனிமனிதரைப் பற்றியதன்று. 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் இலாப ஈவுக்கு 2 விழுக்காடு வரி வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஆண்டுக்கு 100,000 வெள்ளிக்கு மேற்பட்ட இலாப ஈவுக்கு. 4 விழுக்காடு ஈவு தரும் பங்குகளில் அவ்வளவு பெற வேண்டுமானால், கையில் 25 இலட்சம் வெள்ளி இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவருக்கேனும் அந்தக் கவலை இருந்தால் என்னை வந்து பார்க்கட்டும். பள்ளிக் கட்டட நிதிக்கு நன்கொடைச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.

ஆக, வரி இல்லை என்பது உண்மை. ஆனால், அது யூனிட் டிரஸ்டுக்கும் உண்மை, இடிஎஃப்-க்கும் உண்மை. இரண்டுக்கும் பொதுவான ஒன்றைக் காட்டி, இரண்டில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? இரண்டு கடைகளிலும் அரிசி வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக நாம் ஒரு கடையைத் தேர்ந்தெடுப்பதில்லையே. விலையைத்தானே கேட்கிறோம்?

அந்த விலையைத்தான் நாம் கேட்பதில்லை.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் விழுக்காடு கற்பிக்கிறேன். ‘பத்தாயிரத்தில் ஐந்து விழுக்காடு எவ்வளவு?’ என்று கேட்டால், கடைசி வரிசையில் இருக்கும் பையன்கூட ‘ஐந்நூறு’ என்று கத்துவான். அதே கேள்வியை முகவரிடம் கேட்க, பட்டம் பெற்ற நமக்கு நா எழுவதில்லை. பங்குகளில் முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்டை முகவர் வழியாக வாங்கினால், விற்பனைக் கட்டணம் 5 விழுக்காடு அளவில் இருப்பது இயல்பு. அஃதாவது, 10,000 வெள்ளி கொடுத்தால், ஏறத்தாழ 500 வெள்ளி வாசலிலேயே போய்விடும். உங்கள் பணம் முதல் நாளே ஐந்து படி கீழே இறங்கித்தான் ஏறத் தொடங்குகிறது. அதோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் நிர்வாகக் கட்டணம் 1.5 விழுக்காடு, அறங்காவலர் கட்டணம் சிறிது. இந்த ஆண்டுக் கட்டணத்திற்கு உங்களிடம் யாரும் கைநீட்ட மாட்டார்கள். நிதியின் சொத்திலிருந்து நாள்தோறும் கழித்துக்கொண்டு, மீதியைத்தான் விலையாக அறிவிப்பார்கள். கண்ணில் படாத செலவு என்பதால், அது செலவாகவே தோன்றுவதில்லை. முகவருக்கு அந்த ஆண்டுக் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

குறியீட்டைப் பின்பற்றும் உள்நாட்டு இடிஎஃப்-இல் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 0.6 விழுக்காடு. விற்பனைக் கட்டணம் இல்லை. தரகுக் கட்டணம் உண்டு.

ஒன்றரைக்கும் அரைக்கும் ஒரு விழுக்காடுதானே வேறுபாடு என்று தோன்றும். அந்த ஆசிரியைக்கும் அப்படித்தான் தோன்றியது. வெண்பலகையில் எழுதிக் காட்டினேன். இரண்டு நிதிகளிலும் உள்ள பங்குகள், செலவு போகுமுன் ஆண்டுக்கு 6 விழுக்காடு ஈட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். யாரும் கொடுத்த உறுதிமொழியன்று. யூனிட் டிரஸ்டில் 10,000 வெள்ளி போட்டால், 500 போக 9,500 உள்ளே நுழைகிறது. ஆண்டுச் செலவு 1.6 விழுக்காடு போக, 4.4 விழுக்காடு வளர்கிறது. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 22,500 வெள்ளி. இடிஎஃப்-இல் சிறிய தரகு போக, 5.4 விழுக்காடு வளர்ந்தால், இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 28,600 வெள்ளி. வேறுபாடு 6,000 வெள்ளிக்கு மேல். போட்டதே 10,000 தான்!

அரசாங்கம் அந்த ஆறாயிரத்தை வரி என்று கேட்டிருந்தால், நாம் தெருவில் இறங்கிப் போராடியிருப்போம். கட்டணம் என்று கேட்டதால், நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வருகிறோம்.

இப்போது என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் ஏதோ கரைகண்டவன் போலப் பேசுவதாகிவிடும்.

2007-ஆம் ஆண்டின் இறுதியில், பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆசிரியர் வேலையோடு பகுதிநேர யூனிட் டிரஸ்ட் முகவராகவும் ஆகியிருந்தார். சந்தை அப்போது உச்சியில் இருந்தது. கோலாலம்பூர் குறியீடு அவ்வாண்டை 1445 புள்ளிகளில் முடித்தது. எனக்குத் திருமணமாகி ஈராண்டு. வீட்டுக்கு முன்பணம் கட்டச் சேர்த்து வைத்திருந்த 10,000 வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்கவில்லை. நண்பரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் நட்புக்கு இழுக்கு என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு நடந்தது உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் வீட்டுக்கடன் வீழ்ந்து, வங்கிகள் வீழ்ந்து, அந்த அலை இங்கும் வந்தது. 2008-ஆம் ஆண்டைக் குறியீடு 876 புள்ளிகளில் முடித்தது. என் கணக்கறிக்கை வந்தபோது பத்தாயிரம் ஆறாயிரத்துச் சொச்சமாகியிருந்தது. நண்பர் தொலைபேசியில் அழைத்தார். “இப்போது விற்காதே. பல்லைக் கடித்துக்கொண்டு இரு” என்று கெஞ்சினார். நான் கேட்கவில்லை. 2009-இன் தொடக்கத்தில் விற்றுவிட்டேன். அதன்பின் குறியீடு ஏறத் தொடங்கியது. 2010 முடிவில் 1518 புள்ளிகள்; நான் வாங்கியபோது இருந்ததைவிட மேல்.

நெடுங்காலம் அந்த இழப்புக்கு நண்பரைத்தான் குறைகூறிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், ஐந்தாறு நூறு வெள்ளிதான் கட்டணத்தால் போனது. மீதி மூவாயிரத்துச் சொச்சம் என் அச்சத்தால் போனது. வீட்டு முன்பணத்தைப் பங்கில் போட்டதும் நான்தான். அடிமட்டத்தில் விற்றதும் நான்தான். அவர் வாங்கிய கட்டணத்திற்கு ஒரே ஒரு பயனுள்ள வேலை செய்தார். அது அந்தத் தொலைபேசி அழைப்பு. அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இணையத்தில் இளைஞர் பலர் ‘முகவர்களே வேண்டா, இடிஎஃப் போதும்’ என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். இடிஎஃப்-ஐக் கைபேசியில் ஒரே தட்டில் விற்றுவிடலாம். ‘விற்காதே’ என்று சொல்ல எதிர்முனையில் எவரும் இல்லை. 2009-இல் என் கையில் இடிஎஃப் இருந்திருந்தால், இன்னும் மூன்று மாதம் முன்னதாகவே விற்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இடிஎஃப்-க்கு வேறு குறைகளும் உண்டு. நம் புர்சாவில் பட்டியலிடப்பட்டவை மிகச் சில. அவற்றிலும் பலவற்றில் நாள் முழுதும் வாங்குவோரும் விற்போரும் அரிது. அப்படிப்பட்ட நேரத்தில், விற்பவர் கேட்கும் விலைக்கும் வாங்குபவர் சொல்லும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியும் ஒரு கட்டணமே. சந்தை விலைக்கு வாங்கு என்று கட்டளையிடாமல், இந்த விலைக்குமேல் வேண்டா என்று வரம்பிட்டு வாங்குவதே நல்லது.

தரகுக் கட்டணத்திற்குப் பெரும்பாலான நிறுவனங்களில் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும். அது 8 வெள்ளி என்று கொள்வோம். அந்த ஆசிரியை மாதம் 300 வெள்ளி சேமிக்க எண்ணியிருந்தார். மாதந்தோறும் 300 வெள்ளிக்கு இடிஎஃப் வாங்கினால், ஒவ்வொரு முறையும் 2.7 விழுக்காடு தரகுக்கே போகும். மலிவு என்று சொன்ன பொருள் மலிவாக இல்லாமல் போய்விடும். ஆறு மாதம் சேர்த்து வைத்து 1,800 வெள்ளிக்கு ஒருமுறை வாங்கினால், அதே 8 வெள்ளி அரை விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். ஆறு மாதம் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. தீபாவளி வரும், தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் வரும். மாதந்தோறும் தானாகக் கழியும் வசதி வேண்டுமென்றால், இணையத்தளங்களில் விற்பனைக் கட்டணம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ கிடைக்கும் யூனிட் டிரஸ்டே அவருக்குப் பொருந்தும். அதே நிதியை முகவரிடம் வாங்கினால் 5 விழுக்காடு, இணையத்தில் வாங்கினால் அதில் ஒரு சிறு பகுதி என்ற நிலை இன்று உண்டு. பலர் இதை அறிவதில்லை.

இன்னொன்று. குறைந்த கட்டணம் என்பதற்காகக் குறியீடு நம்மை வாழவைத்துவிடும் என்று நம்பக்கூடாது. கோலாலம்பூர் குறியீடு 2010-ஆம் ஆண்டை 1518 புள்ளிகளில் முடித்தது என்றேன். 2024-ஆம் ஆண்டை எவ்வளவில் முடித்தது? 1642 புள்ளிகளில். பதினான்கு ஆண்டுகளில் ஏறிய ஏற்றம் மொத்தமாக 8 விழுக்காடு! இலாப ஈவைச் சேர்த்தால் நிலைமை இதைவிட மேல்தான். இருந்தாலும், இது பெருமைப்படத்தக்க எண்ணன்று.

அதே பதினான்கு ஆண்டுகளில் சேமநிதி வாரியம் அறிவித்த இலாப ஈவைப் பார்த்தேன். மிகக் குறைந்த ஆண்டு 2020. அவ்வாண்டில் 5.20 விழுக்காடு. 2017-இல் 6.90. 2024-இல் 6.30. சந்தை சரிந்த 2008-இல்கூட 4.50 விழுக்காடு கொடுத்தார்கள். நான் நடுங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. இந்த ஈவுக்கு வருமான வரி இல்லை. உள்ளே நுழைய விற்பனைக் கட்டணம் இல்லை. வழக்கமுறைச் சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு என்ற சட்ட உறுதியும் இருக்கிறது. சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிப்பது போக, நாமே விரும்பி ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை கட்டலாம். முன்பு 60,000 ஆக இருந்த வரம்பு 2023-இல் உயர்த்தப்பட்டது. என்னைப் போன்ற ஓய்வூதியக்காரரும் விரும்பிக் கட்டலாம்.

ஆகவே, யூனிட் டிரஸ்டா, இடிஎஃப்-ஆ என்ற கேள்வியே இரண்டாவது கேள்வி என்பது என் கருத்து. வரியில்லாத, கட்டணமில்லாத முதலீடு நம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, வாசலில் வந்து நிற்பவர்களில் யார் நல்லவர் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். முகவர்கள் சேமநிதியை ‘அங்கே சும்மா கிடக்கும் பணம்’ என்பார்கள். 6 விழுக்காடு ஈட்டும் பணம் சும்மா கிடக்கிறதாம்! அடிப்படைச் சேமிப்புக்கு மேல் வைத்திருப்போர், அந்த மிகுதியில் 30 விழுக்காடு வரை எடுத்து யூனிட் டிரஸ்டில் போடலாம் என்ற திட்டம் இருக்கிறது. முகவர் வழியாகப் போனால் கட்டணம் 3 விழுக்காடு வரை. 2019-இல் தொடங்கிய வாரியத்தின் சொந்த இணைய வழியில் போனால் அரை விழுக்காட்டுக்கு மேல் இல்லை. மூத்த ஆசிரியர்களே, உங்களை அணுகுவோர் இந்த இரண்டாவது வழியைச் சொன்னார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

சேமநிதிக்கும் குறை உண்டு. 2024 மே மாதம் முதல் நாம் கட்டும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்கிற்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்கிற்கும் போகிறது. 10 விழுக்காடு மட்டுமே எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் இருக்கும். முக்கால் பங்கு 55 அகவை வரை பூட்டிய பெட்டி. 25 அகவைப் பெண்ணிடம் முப்பது ஆண்டு பொறு என்று சொல்வது எளிதன்று. அவசரத்திற்கான பணத்தை அங்கே வைக்கக்கூடாது. அதற்கு அமானா சஹாம் மலேசியா போன்ற நிலையான விலை நிதிகள் நல்லவை. ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளி, வாங்கவும் கட்டணமில்லை. யூனிட் கிடைப்பதுதான் அரிது. 2009-இல் அமானா சஹாம் 1மலேசியா வந்தபோது, வங்கி வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்ற பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். இப்போது கைபேசியில் முயன்று பார்க்கிறோம். ‘யூனிட் இல்லை’ என்று வரும், மறுநாள் மீண்டும் முயல்வோம்.

தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் 3,000 வெள்ளி வரை வரிக்கழிவு உண்டே என்றும் அந்த ஆசிரியை கேட்டார். உண்டு. ஆனால், வரிக்கழிவு 3,000 என்றால், கையில் 3,000 வருவதன்று. அவருடைய வருமானத்திற்கு வரி 3 விழுக்காட்டுப் படியில் நிற்கிறது. 3,000 வெள்ளி கட்டினால் மிச்சமாவது 90 வெள்ளி. ஓய்வு அகவைக்கு முன் எடுத்தால் பொதுவாக 8 விழுக்காடு வரி பிடிப்பார்கள். 90 வெள்ளிக்காக அவசரப்பட வேண்டியதில்லை என்றேன். சம்பளம் உயர்ந்து மேற்படிக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு இடிஎஃப்-களைப் பற்றியும் ஓரிரு சொற்கள். கைபேசிச் செயலிகள் வந்தபின், நம் இளைஞர்கள் அமெரிக்கக் குறியீட்டை நேரடியாக வாங்குகிறார்கள். நம் நாட்டில் தனிமனிதரின் வெளிநாட்டு வருமானத்திற்கு 2036 இறுதி வரை வரிவிலக்கு இருப்பதால், ‘வரியே இல்லை’ என்கிறார்கள். இங்கே இல்லை, அங்கே இருக்கிறது! அமெரிக்காவில் பதிவான இடிஎஃப் நமக்குத் தரும் இலாப ஈவில் 30 விழுக்காட்டை அந்நாட்டு அரசு பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். அதைக் குறைக்க நமக்கும் அவர்களுக்கும் இடையே வரி உடன்பாடு இல்லை. அதே அமெரிக்கக் குறியீட்டைப் பின்பற்றும் அயர்லாந்துப் பதிவு இடிஎஃப்-ஐ இலண்டன் சந்தையில் வாங்கினால், அந்த நிதி கட்டுவது 15 விழுக்காடு. மேலும், 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கச் சொத்து வைத்திருந்து ஒருவர் இறந்துபோனால், குடும்பத்தார் அந்நாட்டின் மரண வரிக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு, பத்தாண்டு தொடாமல் வைக்கக்கூடிய பணத்தில் ஒரு சிறு பகுதியைப் போடுவோரை நான் குறைகூறவில்லை. நானே அப்படிச் சிறிது வைத்திருக்கிறேன். வாங்கிய பின் அந்தச் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன்; என்னை எனக்குத் தெரியும்.

முகவர்கள் என்மீது சினம் கொள்ளக்கூடும். அவர்களுள் பலர் நம் ஆசிரியர்கள், நம் முன்னாள் மாணவர்கள், நம் உறவினர்கள். அதுதான் சிக்கலே. நம் சமுதாயத்தில் பணத்தைப் பற்றிய முடிவுகளை எண்ணைப் பார்த்து எடுப்பதில்லை, முகத்தைப் பார்த்து எடுக்கிறோம். எண்பதுகளில் சமுதாயத்தின் பெயரால் பங்கு விற்றார்கள் என்று என் தந்தை தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். சான்றிதழைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். கேட்டவர் தெரிந்தவர் என்பதால் எதையும் கேட்கவில்லை. இருபது ஆண்டு கழித்து நானும் நண்பரிடம் கேட்கவில்லை. அந்த இளம் ஆசிரியையும் கேட்கவில்லை. ஏனென்றால், அவரிடம் வந்தவர் அவருடைய சித்தப்பா மகள்.

‘ஐயா, அக்காவிடம் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் தவறாக நினைத்துக்கொள்வாரே’ என்றார்.

கேட்க வேண்டியதே இல்லை என்றேன். நிதியின் முக்கியக் கூறுகளைச் சொல்லும் சுருக்கத் தாள் ஒன்றை முதலீட்டாளரிடம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அவருடைய வண்ணக் கோப்பின் பின்புறத்தில் அது இருந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கட்டணப் பகுதியைச் சேர்ந்து படித்தோம். விற்பனைக் கட்டணம் 5 விழுக்காடு, ஆண்டு நிர்வாகக் கட்டணம் 1.5 விழுக்காடு. அப்போதுதான் தயங்கித் தயங்கி, தாம் ஏற்கெனவே கையெழுத்திட்டு 5,000 வெள்ளி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எப்போது என்றேன். போன வியாழக்கிழமை என்றார்.

ஒரு யூனிட் டிரஸ்ட் நிறுவனத்தில் முதன்முறையாக முதலீடு செய்யும் தனிமனிதர், ஆறு வேலை நாள்களுக்குள் மனம் மாறினால் பணத்தைத் திரும்பப் பெறலாம். விற்பனைக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இதுவும் அந்தத் தாளிலேயே இருந்தது. நாள்காட்டியை எடுத்து விரல்விட்டு எண்ணினோம். வெள்ளி, திங்கள், செவ்வாய். மூன்று நாள் போயிருந்தது, மூன்று நாள் மிச்சம். புதன்கிழமை காலையில் கடிதம் போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு அவரே தொலைபேசியில் சொன்னாராம். முதலில் வருத்தப்பட்டு, பிறகு ‘சரி, இணைய வழியில் எப்படி வாங்குவது என்று நானே காட்டித் தருகிறேன்’ என்றாராம். நல்ல பெண்.

அந்த 5,000-இல் 2,000 வெள்ளி அவருடைய பெயரில் சேமநிதிக்குப் போனது. 3,000 அவசரத்திற்கென்று வங்கியில் இருக்கிறது. மாதம் 300 வெள்ளியை என்ன செய்வது என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

என் விடுதி அறை நண்பர் முகவர் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளிக்குத் தவறாமல் அழைப்பார். பணத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. இப்பதிவின் சுட்டியை இன்றிரவு அவருக்கு அனுப்பப் போகிறேன்.